கல் இருக்கும், கதை இருக்குமா?

அயர்லாந்தின் நாட்டுப்புறங்களிற் கூரையிழந்து நிற்கும் பழைய தேவாலயங்கள் பல. அந்நாடு உரோமப் பேரரசின் ஆட்சிக்கு ஒருபோதும் உட்பட்டதன்று. ஐந்தாம் நூற்றாண்டிற் கிறிஸ்தவம் அங்கு காலூன்றியபோது, பெருநகரங்களோ, உரோமர் அமைத்த நேர்வீதிகளோ அங்கு இருக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டு தொடக்கம் எழுந்த துறவியர் மடங்களே கல்விக்கும் கைவினைக்கும் வழிபாட்டிற்கும் நிலைக்களங்களாக விளங்கின. அம்மடங்களின் தொடக்ககாலக் கட்டடங்களிற் பெரும்பாலானவை மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. அவை உக்கி அழிந்து போயின. கல்லிற் செய்தவை எஞ்சின.

எஞ்சிய அக்கற்களிற் பல இன்று ஆய்வாளரைத் திகைக்க வைக்கின்றன. உரல் போன்று குழி குடையப்பட்ட பாறைகள், பீடத்தின் மேல் வைக்கப்பட்ட உருண்டைக் கற்கள், எவரைக் குறிக்கின்றன என்று அறியப்படாத மனித உருவங்கள், விளிம்பிற் கோடு கோடாக வெட்டப்பட்ட நெடுங்கற்கள் என அவை பல வகையின. எதற்காக இவற்றைச் செய்தார்கள் என்ற வினாவுக்கு, இவற்றுட் சிலவற்றுக்கு மட்டுமே உறுதியான விடை உண்டு.

செய்யப்பட்ட காலத்தில் இவை எவருக்கும் புதிராக இருந்திருக்க மாட்டா என்பதை நாம் முதலில் மனங்கொள்ள வேண்டும். ஊரிலிருந்த சிறுபிள்ளையிடம் கேட்டிருந்தாலும் இன்ன கல் இன்னதற்கு என்று சொல்லியிருக்கும். எல்லோருக்கும் தெரிந்த விடயத்தைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைப்பதில்லை. தெரிந்தவர்கள் போன பின்னர்தான், அது எழுதப்படவில்லை என்பது மற்றவர்களுக்குப் புலப்படுகின்றது. இந்த வாரம் நாம் இக்கற்களை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

உரல் போன்ற குழிகள்

டப்ளின் நகருக்குத் தெற்கே விக்லோ மலைகளின் நடுவே கிளென்டலொக் என்ற பள்ளத்தாக்கு இருக்கின்றது. 'இரு ஏரிகளின் பள்ளத்தாக்கு' என்பது அப்பெயரின் பொருள். ஆறாம் நூற்றாண்டிற் புனித கெவின் என்ற துறவி தனிமையை நாடி அங்கு வந்தார் என்றும், அவரைச் சூழ்ந்து மடம் வளர்ந்தது என்றும் மரபு கூறுகின்றது. உயர்ந்த வட்டக் கோபுரமும் பல தேவாலயங்களும் இன்றும் அங்கு காணப்படுகின்றன. அவற்றைப் பார்க்க வருவோர் பலர் கவனியாது கடந்து போகும் பொருள்கள் குழிக்கற்கள். அப்பள்ளத்தாக்கில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன.

ஐரிஷ் மொழியில் இவற்றைப் 'புல்லான்' என்பர். கிண்ணம் போன்ற பள்ளம் என்பது அதன் கருத்து. பெரும் பாறையொன்றின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஓரடி அகலத்தில் வட்டமாகக் குடையப்பட்டிருக்கும். சில பாறைகளில் ஒரு குழி உண்டு. சிலவற்றில் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் உண்டு. சில குழிகள் கிண்ணம் போல் அமைந்தவை. சில அடிநோக்கிக் கூம்பியவை. உட்புறம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். எம்மவர் எவரும் இதனைக் கண்டவுடன் உரல் என்றே சொல்வர். ஆய்வாளர்களிலும் அப்படிச் சொல்வோர் உண்டு.

ஆயினும் அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்பதில் இடர்ப்பாடுகள் உள. தானியம் அரைப்பதற்குச் சுழலும் திரிகை, கிறிஸ்தவம் வருவதற்கு முன்னரே அந்நாட்டில் வழக்கிலிருந்தது. மடங்கள் அதனினும் முன்னேறியிருந்தன. வட அயர்லாந்தில் நென்ட்றம் என்ற மடத்தில், கடலின் வற்றுப்பெருக்கைக் கொண்டு இயங்கிய ஆலையொன்றின் மரங்கள் 619 ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டவை என்பதை மரவளையங்களைக் கொண்டு கணித்திருக்கின்றார்கள். கடல் நீரைக் கொண்டு மா அரைத்தவர்கள், அதே வேலைக்குப் பாறைக் குழியை நாடியிருப்பார்களா என்ற கேள்வி எழுவது இயல்பே.

ஆகவே வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூலிகைகளை மருந்துக்காக இடித்திருக்கலாம். சாயப் பொருள்களையோ, உலோகம் கொண்ட கனிமங்களையோ நொறுக்கியிருக்கலாம். திருமுழுக்கிற்கும் கை கழுவுவதற்கும் நீர் வைத்திருக்கலாம் என்பார் சிலர். யாத்திரிகர்கள் செபம் சொல்லிக்கொண்டு குழியினுள் ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றித் திருப்பியிருக்கலாம் என்றும், தலைமுறை தலைமுறையாகத் திருப்பியதாற்றான் குழி இவ்வளவு ஆழமாயிற்று என்றும் வேறு சிலர் கருதுவர். ஒரே குழி ஒரு காலத்தில் ஒன்றுக்கும் பிற்காலத்தில் இன்னொன்றுக்கும் பயன்பட்டிருக்கவும் கூடும்.

குழியின் வயதைக் கணித்தாலாவது தெளிவு பிறக்குமே என வாசகர்கள் எண்ணலாம். அங்குதான் சிக்கல். விஞ்ஞானிகள் காலங்கணிக்கும் கரிமுறைக்கு மரம், எலும்பு, கரி போன்று ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருள் வேண்டும். மழைநீர் தேங்கிக் கழுவிச் செல்லும் திறந்த பாறைக் குழியில் அத்தகைய பொருள் எதுவும் தங்குவதில்லை. எனவே, பழைய தேவாலயங்களை அண்டியே இவை மிகுதியாகக் காணப்படுகின்றன என்ற ஒன்றையே ஆய்வாளர்கள் பெரிதும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

பயன் மறந்த இடத்திற் கதை வந்து அமர்ந்தது. கிளென்டலொக்கில் 'மான் கல்' என்று ஒரு குழிக்கல் உண்டு. தாயை இழந்த இரு கைக்குழந்தைகளுக்குப் பால் வேண்டிப் புனித கெவின் இறைவனை மன்றாடினார் என்றும், பெண்மான் ஒன்று நாள்தோறும் வந்து இக்குழியிற் பால் சொரிந்தது என்றும் அங்குள்ளோர் சொல்வர். பல ஊர்களிற் குழியிற் தேங்கிய மழைநீர் பாலுண்ணியைப் போக்கும் என்ற நம்பிக்கை அண்மைக்காலம் வரை நிலவியது. இக்கதைகள் குழி எதற்காகக் குடையப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. அக்கல்லை மக்கள் பொருட்படுத்தினார்கள், அதனை உடைத்து வேலிக்கோ வீட்டுக்கோ கொண்டுபோக அஞ்சினார்கள் என்பதைச் சொல்கின்றன. இத்தனை கற்கள் தப்பியமைக்கு அந்த அச்சமும் ஒரு காரணம் எனலாம்.

சாபமிடும் கற்கள்

சில குழிகளினுள் உருண்டைக் கற்களும் கிடக்கின்றன. கவன் மாவட்டத்திற் பிளாக்லயன் என்ற ஊருக்கு அருகே, கிலினா என்ற பழைய தேவாலயத்தின் அயலில், புனித பிறிஜிற்றின் பெயரால் வழங்கும் பெருங்கல் ஒன்று உண்டு. அதன் மேல் உள்ள குழிகளிற் கையடக்கமான உருண்டைக் கற்கள் அமர்ந்திருக்கின்றன. இவற்றைச் சாபக் கற்கள் என்று அவ்வூரார் அழைத்தனர். தமக்குத் தீங்கிழைத்தவரை நினைத்து, இக்கற்களை இடப்புறமாகத் திருப்பிச் சபித்தால் அச்சாபம் பலிக்கும் என்பது நம்பிக்கை.

இதிற் புகழ்பெற்றது ஸ்லைகோ மாவட்டக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள இனிஷ்மரி என்ற சிறு தீவாகும். புனித மொலாஷ் ஆறாம் நூற்றாண்டில் நிறுவியதாக மரபு கூறும் மடமொன்று அங்கு உண்டு. அதனைச் சூழ்ந்து நிற்கும் பருத்த கல்மதிலும், தேன்கூடு போன்று கல்லடுக்கிக் கட்டிய குடில்களும் இன்றும் காணப்படுகின்றன. மதிலின் உட்புறத்தில் ஒரு கற்பீடத்தின் மேல் உருண்டைக் கற்கள் பல வைக்கப்பட்டிருக்கின்றன. 'புள்ளிக் கற்கள்' என்ற பொருள்படும் பெயர் அவற்றுக்கு. அவற்றிற் சிலவற்றில் அழகிய சிலுவைகள் செதுக்கப்பட்டுள்ளன. எத்தனை கற்கள் என்று எவராலும் எண்ணி முடிக்க இயலாது என்பது தீவு மக்களின் சொல்.

வலப்புறமாக, அதாவது சூரியன் செல்லும் திசையிற் சுற்றி வருவது ஆசிக்குரியது. அதற்கு எதிர்த்திசையிற் சுற்றி, கற்களை எதிர்த்திசையில் திருப்புவது சாபத்துக்குரியது. சாபமிடுபவர் உபவாசமிருந்து சடங்கினைச் செய்ய வேண்டும். சபிக்கப்பட்டவர் குற்றமற்றவராயின் அச்சாபம் சபித்தவர் மீதே திரும்பும் என்றும் நம்பினர். ஆகையால் எவரும் எளிதில் அக்கற்களைத் தொடத் துணிவதில்லை. நீதிமன்றம் ஏறப் பணமில்லாதவர்களுக்கும், நிலவுடைமையாளரின் அநீதியைக் கேட்க ஆளில்லாதவர்களுக்கும் அது ஒன்றே முறையிடும் இடமாக இருந்தது. மண்ணள்ளித் தூற்றும் வழக்கத்தை அறிந்த எமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று.

ஆனால் சாபமிடுவதற்காகவே இக்கற்களிற் சிலுவையைச் செதுக்கியிருப்பார்களா? அப்படி எண்ணுவது பொருந்தாது. செதுக்கிய துறவியர் அவற்றைச் செபத்துக்கோ, யாத்திரைச் சடங்குக்கோ வைத்திருந்தனர் என்று கொள்வதே பொருத்தம். துறவியர் மறைந்தபின், பின்வந்த மக்கள் அக்கற்களுக்குத் தம் தேவைக்கேற்ற பயனைக் கண்டனர். இன்று எமக்குக் கிடைப்பது பின்வந்தோரின் வழக்கமே. அதுவும் கிடைத்தது, கேட்டு எழுதியவர்கள் இருந்தமையாற்றான். வேக்மன் என்ற ஓவியர் அத்தீவின் தொல்பொருள்களை வரைந்து, தீவினரின் வாய்மொழிகளையும் சேர்த்து 1893 இல் நூலாக வெளியிட்டார். 1948 இல் எஞ்சியிருந்த குடும்பங்கள் யாவும் தீவை விட்டு அயர்லாந்து நிலப்பரப்பிற் குடியேறின. 1990களின் இறுதியில் தொல்லியலாளர்கள் அங்கு அகழ்வாய்வு செய்தபோது வீடுகள் கூரையின்றி நின்றன. கற்கள் பீடத்தின் மேல் இருந்தன. அருகில் நின்று விளக்கம் சொல்ல ஊர் இருக்கவில்லை.

சுவருக்குள் மறைந்த உருவங்கள்

குழிகளிலும் உருண்டைக் கற்களிலும் பயன் தெரியாதது வியப்பன்று. அவற்றில் உருவமோ எழுத்தோ இல்லை. ஆனால் முகமும் கையும் உடையும் தெளிவாகச் செதுக்கப்பட்ட உருவங்களும் புதிராகிப் போனமைக்கு வெள்ளைத் தீவு சான்று. வட அயர்லாந்தின் பெர்மானா மாவட்டத்தில் கீழ் ஏர்ன் ஏரியில் அத்தீவு இருக்கின்றது. அங்கு பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு தேவாலயத்தின் இடிபாடு உண்டு. அதன் சுவரில் இன்று எட்டுக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என அவை கருதப்படுகின்றன.

பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஓர் உருவம். மடியில் நூலொன்றை ஏந்தி அமர்ந்த ஓர் உருவம். கைமணியும் வளைந்த தலைக்கோலும் ஏந்திய ஆயர் அல்லது மடாதிபதி. ஒரு கையை வாயருகே வைத்திருக்கும் இன்னொருவர். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட இரு கற்பனை விலங்குகளின் கழுத்தைப் பிடித்திருப்பவர். வாளும் கேடயமும் தாங்கியவர். செதுக்கி முடிக்கப்படாத ஒன்று. இவற்றோடு சினந்த முகம் மட்டும் கொண்ட கல். வாயருகே கைவைத்தவர் திருப்பாடல்களைப் பாடிய தாவீது அரசர் என்பார் உளர். விலங்கைப் பிடித்தவர் கிறிஸ்துவே என்பார் உளர். முடிவாகச் சொல்ல எழுத்து ஒன்றும் இல்லை.

உருவங்களின் உச்சியில் பொருத்துக் குழிகள் காணப்படுவதும், அவை உயரத்தாற் சோடி சோடியாக ஒத்திருப்பதும் கவனிக்கத்தக்கன. ஏதோ ஒன்றைத் தாங்குவதற்காக, ஒருவேளை பிரசங்க மேடைக்கு ஏறும் படிகளைத் தாங்குவதற்காக, இவை செய்யப்பட்டன என்ற கருத்து அதனால் எழுந்தது. எனினும் எம்மை நின்று சிந்திக்க வைப்பது வேறொன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கல்லாலான தேவாலயத்தைக் கட்டியவர்கள் இவ்வுருவங்களைச் சுவரெழுப்பும் சாதாரணக் கற்களாகப் பயன்படுத்தினார்கள். இவற்றுள் ஒன்று 1958 வரை சுவருக்குள்ளேயே மறைந்து கிடந்தது. செதுக்கியவர்களுக்கும் சுவர் கட்டியவர்களுக்கும் இடையிற் சில நூற்றாண்டுகளே. இரு சாராரும் ஒரே சமயத்தினர். ஒரே தீவில் வழிபட்டவர்கள். அவ்வாறிருந்தும் முன்னோர் போற்றிய உருவம் பின்னோருக்கு வெறும் கல்லாயிற்று.

கோடுகளாலான எழுத்து

இனி, பேசும் கற்களுக்கு வருவோம். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் டிங்கிள் குடாநாட்டிலுள்ள கில்மால்கேடர் தேவாலயத்தின் முற்றத்தில் பலவகைக் கற்களை ஒருங்கே காணலாம். குழிக்கல் அங்கு உண்டு. நிழலைக் கொண்டு செபவேளையைக் காட்டிய சூரியக் கடிகாரக் கல் உண்டு. இலத்தீன் நெடுங்கணக்கு முழுவதும் வரிசையாக வெட்டப்பட்ட ஒரு கல்லும் உண்டு. எழுத்தறிவிப்பதற்காக அதனை வெட்டினர் என்பது ஒரு கருத்து. புதிய தேவாலயத்தை அபிஷேகஞ் செய்யும் ஆயர் அதன் தரையில் நெடுங்கணக்கை எழுதும் பழைய சடங்கொன்று மேற்கத்தைய திருச்சபையில் இருந்தது. அதனோடு தொடர்புபட்டது என்பது இன்னொரு கருத்து.

அதே முற்றத்தில், உச்சியில் துளையிடப்பட்ட ஒடுங்கிய நெடுங்கல் ஒன்று நிற்கின்றது. அதன் விளிம்பின் இருமருங்கிலும் கோடுகள் வெட்டப்பட்டுள்ளன. அறியாதவர் கண்ணுக்குக் கத்தி தீட்டிய தடம் போலத் தோன்றும். இதுவே ஓகம் எழுத்து. கல்லின் விளிம்பே அதற்கு நடுக்கோடு. அதன் ஒரு புறம், மறு புறம், குறுக்கே என ஒன்று முதல் ஐந்து வரையான கோடுகள்; உயிரெழுத்துக்களுக்கு விளிம்பின் மேலேயே சிறு வெட்டுக்கள். இவ்வாறு ஐந்தைந்தாக நான்கு கூட்டமாய் இருபது எழுத்துக்கள். பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகள் தொடக்கம் ஏழாம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 400 ஓகம் கற்கள் கிடைத்துள்ளன. ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் இவையே.

அவை சொல்லும் செய்தி மிகச் சிறியது. 'இன்னாரின் மகனான இன்னாருடைய' என்று ஆறாம் வேற்றுமையில் முடியும். எதனுடையது என்பதைச் சொல்வதில்லை. நினைவுக்கல் என்றோ, நிலம் என்றோ நாம் வருவித்துக்கொள்ள வேண்டும். கில்மால்கேடர் கல் தான் தாங்குவது ஒருவரின் பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றது: புறோக்கானின் மகன் மயில் இன்பிர் என்பவரின் பெயர். அவர் யார் என்பதை வரலாறு அறியாது. துளை எதற்கு என்பதும் புதிரே. ஆயினும் ஒரு தந்தையின் பெயரும் மகனின் பெயரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த மழையிலும் காற்றிலும் நிற்கின்றன. நாமும் அவற்றை உச்சரிக்க முடிகின்றது.

இரு எழுத்தில் ஒரு பெயர்

இவ்வெழுத்தை எப்படி வாசித்தார்கள்? பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்திற் தொகுக்கப்பட்ட பலிமோட் ஏடு என்ற கையெழுத்துச் சுவடி ஓகம் எழுத்துக்களின் விளக்கத்தைக் கொண்டிருந்தது. ஆனால் பல நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட அவ்விளக்கம் சரியானதுதானா என்ற ஐயம் அறிஞர்களுக்கு இருந்தது. அதனைத் தீர்க்க உதவிய கல் அயர்லாந்தில் இல்லை; கடலுக்கு அப்பால் வேல்ஸ் நாட்டில் இருந்தது.

உரோமர் ஆட்சியின் முடிவுக் காலத்தில் ஐரிஷ் மக்கள் பலர் கடல் கடந்து வேல்ஸின் தென்மேற்குக் கரையிற் குடியேறினர். அங்கு அவர்கள் நாட்டிய நினைவுக் கற்கள் பலவற்றில், விளிம்பில் ஓகம் எழுத்தில் ஐரிஷ் மொழியும், முகப்பில் இலத்தீன் எழுத்தில் இலத்தீன் மொழியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சென் டொக்மெல்ஸ் என்ற ஊரின் தேவாலயத்தில் உள்ள கல் அவற்றுள் ஒன்று. ஒருகாலத்தில் அது ஓடையொன்றின் குறுக்கே பாலமாகக் கிடந்தது. அதன் முகப்பில் இலத்தீனில் 'சக்ரானி பிலி குனொதாமி' என்றும், விளிம்பில் ஓகத்தில் 'சக்ரக்னி மாக்கி குனதாமி' என்றும் உள்ளது. இரண்டும் சொல்வது ஒன்றே: குனதாமின் மகனான சக்ரக்னின் கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், டப்ளினிற் கணிதப் பேராசிரியராயிருந்து பின்னர் ஆயரான சார்ள்ஸ் கிறேவ்ஸ் முதலானோர் ஓகத்தை ஆராய்ந்தபோது, ஏட்டிலிருந்த விளக்கம் சரியே என்பதை இத்தகைய இருமொழிக் கற்கள் உறுதிப்படுத்தின.

இங்கு ஒன்றை வாசகர்கள் உற்று நோக்க வேண்டும். ஒரே மனிதரின் பெயர் இரு எழுத்திலும் சற்று வேறுபட்டு ஒலிக்கின்றது. புதிய நாட்டின் நாவுக்கு ஏற்ப முகப்பில் அது சிறிது மாறியிருக்கின்றது. விளிம்பில் ஊரில் அழைத்தபடியே இருக்கின்றது. அலுவலகப் பதிவேடுகளில் எமது பெயர்கள் படும் பாட்டை அறிந்தவர்கள் நாம். சக்ரக்னின் பிள்ளைகள் தகப்பனின் கல்லில் ஒரு பெயரை மட்டும் வெட்டியிருக்கலாம். புதிய நாட்டிற்குரியது போதுமென்றோ, பழையது போதுமென்றோ விட்டிருக்கலாம். அவர்கள் இரண்டையும் வெட்டினார்கள். தாயகத்திற் தனித்து நின்ற கற்கள் தர முடியாத திறவுகோலைக் கடல் கடந்து சென்றவர்களின் கல் தந்தது.

பிள்ளைகள் எழுதிய கொப்பிகள்

பெயர் பொறித்த கற்களும் தம்மைத் தாமே காத்துக்கொள்வதில்லை. ஷனன் நதிக்கரையில் உள்ள குளொன்மக்நொய்ஸ் மடத்தில் சிலுவையும் பெயரும் பொறித்த கல்லறைப் பலகைகள் எழுநூறுக்கு மேல், முழுமையாகவும் துண்டுகளாகவும் கிடைத்துள்ளன. 'இன்னாருக்காக ஒரு செபம்' என்பதே அவற்றில் மிகுதியாகக் காணப்படும் வாசகம். 1820களில் ஜோர்ஜ் பெற்றி என்ற ஓவியர் அங்கு சென்று பல பலகைகளை வரைந்தெடுத்தார். அவர் வரைந்தவற்றிற் சில பின்னர் காணாமற் போயின. அப்பெயர்களுக்குரியோருக்காகச் செபிக்கும்படி கேட்பது இன்று கல்லன்று, பெற்றியின் தாளே.

வாய்மொழிக் கதைகளுக்கும் அத்தகைய தாள் வேண்டும் என்பதை அயர்லாந்து உரிய காலத்தில் உணர்ந்தது. 1935 இல் நாட்டாரியல் ஆணைக்குழு ஒன்றை அந்நாட்டு அரசு அமைத்தது. ஊர் ஊராகச் சென்று கேட்டெழுதப் போதிய ஆட்கள் ஆணைக்குழுவிடம் இல்லை. ஆகவே 1937 தொடக்கம் 1939 வரை ஆரம்பப் பாடசாலைகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பாடசாலைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் தாய் தந்தையரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் அயலிலுள்ள முதியோரிடமும் கேட்டுக் கேட்டுக் கொப்பிகளில் எழுதினர். எமது வயலிலுள்ள கல்லுக்கு என்ன பெயர், எந்தக் கிணற்று நீர் எந்த நோய்க்கு நல்லது, பஞ்ச காலத்தில் இவ்வூரில் என்ன நடந்தது என்பன போன்ற செய்திகளை எழுதினர். குழிக்கற்களைப் பற்றியும் பாலுண்ணி போக்கும் நீரைப் பற்றியும் இன்று ஆய்வாளர்கள் எடுத்தாளும் செய்திகள் பல, பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையெழுத்தில் உள்ளவை. அவை இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பாதுகாக்கப்படுவதோடு, கணினி வழியாக எவரும் வாசிக்கவும் கிடைக்கின்றன.

அப்பிள்ளைகள் அறிஞர்கள் அல்லர். அவர்கள் கேட்ட முதியோரிற் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். பிள்ளை கேட்டது, பாட்டி சொன்னா, பிள்ளை எழுதிற்று, அவ்வளவே. அதனை இன்னும் இருபது ஆண்டுகள் கழித்துச் செய்ய முனைந்திருந்தால் சொல்வதற்குப் பலர் இருந்திருக்க மாட்டார்கள்.

எமது வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஊரிலிருந்து எடுத்து வந்த படங்கள் அலுமாரியிற் கிடக்கின்றன. அவற்றில் நிற்பவர்கள் யாரென்று அம்மாவுக்குத் தெரியும், மகளுக்குப் பாதி தெரியும், பேரப்பிள்ளைக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டிருக்கின்றோம். வயலுக்கு ஒரு பெயர், வாய்க்காலுக்கு ஒரு பெயர், ஒழுங்கைக்கு ஒரு பெயர், மருந்துக்கு ஒரு கை முறை என அறிந்த அம்மம்மாவும் அப்பப்பாவும் பல வீடுகளில் இன்றும் எம்மோடு இருக்கின்றார்கள். இது பெரும் பேறு. நெடுங்காலம் நிலைக்கும் பேறு அன்று.

எனவே வரும் பாடசாலை விடுமுறையில் ஒரு சிறு வேலையைத் தொடங்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பிள்ளையின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து முதியவரின் அருகில் இருத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். தமிழ் எழுத வராத பிள்ளை, தான் படிக்கும் மொழியில் எழுதட்டும். பெயர்களையும் சொற்களையும் மட்டும் நீங்கள் தமிழிற் பக்கத்தில் எழுதி வையுங்கள். படங்களின் பின்புறத்தில் ஆளின் பெயர், தகப்பனின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை இரு மொழியிலும் குறித்து வையுங்கள். இன்னாரின் மகன் இன்னார் என்ற அளவு போதும். சென் டொக்மெல்ஸ் தேவாலயத்திலுள்ள கல்லில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.